கொடை முடிந்த மறுநாள், முதல் பாடவேளை

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. பத்தாம் வகுப்பில் முதல் பாடவேளை தமிழ். பதிவேட்டில் 32 பெயர்கள் இருக்க, வகுப்பில் இருந்தவர்கள் 11 பேர். அவர்களிலும் பாதிப் பேருக்குக் கண்கள் சிவந்திருந்தன. இரண்டு பேரின் சட்டையில் மஞ்சள் தண்ணீர் கறை. என்னவென்று கேட்டால் வரும் பதிலும் தெரிந்ததுதான்: "ராத்திரி கொடை டீச்சர்."

இந்தப் பள்ளிக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் வந்து போகிறேன். ஆண்டுதோறும் இந்தப் புதன்கிழமையில் வந்தவர்களைத் திட்டுவேன், வராதவர்களுக்கும் சேர்த்து. திட்டி முடித்துவிட்டுப் பழைய பாடத்தைத் திருப்பிப் படிக்கச் சொல்வேன். சென்ற ஆண்டு அப்படிச் செய்யவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய இரவு நானும் தூங்கவில்லை.

வட மாவட்ட ஆசிரியர்களுக்காக ஒரு விளக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், பேச்சியம்மன் போன்ற ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவைக் கொடை என்போம். கால் நாட்டுவதில் தொடங்கும். வீட்டுக்கு வீடு வரி பிரிப்பார்கள். மேளச் செட், வில் செட், கணியான் செட், மைக் செட் எல்லாவற்றையும் பேசி முடித்து முன்பணம் கொடுப்பார்கள். எங்கள் பேரூரில் திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் நண்பகல் மதியக் கொடை, அன்று நள்ளிரவு சாமக் கொடை, புதன் காலை மஞ்சள் நீராட்டு. கண்ணால் பார்ப்பவருக்கு இது சாமி கும்பிடும் விழா. காதால் கேட்பவருக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் நிற்காமல் போகும் இசை விழா. அந்த இசையைக் கேட்காமலேயே 13 ஆண்டுகள் அந்த ஊரில் தமிழ் நடத்தியிருக்கிறேன். கேட்க வைத்தது நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கலைத் திருவிழா 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் பள்ளியும் பங்கேற்று வருகிறது. அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பெயர்கள் சேர்ந்துவிட்டன. கருவியிசைக்கு ஆளில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் நின்றவள், மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒரு மாணவனைப் பார்த்துச் சொன்னேன்: "உங்க அப்பா கணியான் செட்தானே? வீட்டுல மகுடம் இருக்குமே, நாளைக்குக் கொண்டு வா. மாவட்டம் வரைக்கும் போகலாம்."

பாராட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அவங்க அப்பா மகுடம் அடிக்க மாட்டாரு டீச்சர், சேலை கட்டி ஆடுவாரு." வகுப்பே சிரித்தது. "சத்தம் போடாதீங்க" என்று மேசையைத் தட்டிவிட்டு அடுத்த போட்டிக்குப் பெயர் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

அவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை வீட்டைத் தேடிப் போனேன். காய்ச்சல் என்று அம்மா சொன்னார். அப்பா வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், காப்பி வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அவனுக்கு நல்லா அடிக்கத் தெரியும் டீச்சர். ஆனா பள்ளிக்கூடத்துல அடிக்க மாட்டான். நீங்க மகுடத்தக் கூப்பிடல, எங்க சாதியக் கூப்பிட்டுட்டீங்க."

என்னிடம் பதில் இல்லை. கணியான் கூத்து கணியான் சமூகத்தவர் மட்டுமே வழிவழியாக நிகழ்த்தி வரும் கலை. மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். அண்ணாவி கதை பாடுவார், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார், இருவர் மகுடம் அடிப்பார்கள், ஒருவர் தாளம் போடுவார், ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடுவார்கள். இவ்வளவும் எனக்குப் புத்தக அறிவாக இருந்தது. 30 பேர் நடுவில் ஒரு பையனிடம் மகுடத்தைக் கொண்டு வா என்றால் அவன் காதில் அது என்னவாக விழும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவன் வந்தான். கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வான், அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்தக் கல்வியாண்டு அப்படியே முடிந்தது.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'நிகழ்கலை' என்ற உரைநடைப் பாடம் இருந்ததை நாம் அறிவோம். கரகாட்டம், மயிலாட்டம், காவடியாட்டம், ஒயிலாட்டம் என்று போனது. நான் வழக்கமாக இரண்டு பாடவேளையில் முடித்து, குறுவினாக்களை எழுதிப் போட்டுவிடுவேன். ஆறாம் இயலில் வந்த அந்தப் பாடத்தைச் சென்ற ஆண்டு ஆடியிலேயே எடுக்க அனுமதி கேட்டேன். "பத்தாம் வகுப்பு டீச்சர், பொதுத்தேர்வு" என்றார் தலைமையாசிரியர். பாடத்தை விட்டுவிடப் போவதில்லை, முன்னால் எடுக்கிறேன் அவ்வளவுதான் என்றேன். நான்கு பாடவேளைகள் கிடைத்தன.

செவ்வாய் இரவு சத்துணவு அமைப்பாளர் அக்கா வீட்டில் தங்கினேன். ஒன்பதரைக்கெல்லாம் கோயில் முன்னால் இடம் பிடித்துவிட்டோம். சன்னிதிக்கு நேர் எதிரே சாமியைப் பார்த்தபடி வில் பந்தல். பக்கவாட்டில் கணியான் செட். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை சகிதம் நையாண்டி மேளம் ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வில்லை அருகில் பார்த்தது அன்றுதான். ஓர் ஆள் உயரத்தைவிட நீளமாக வளைந்த தண்டு, அதில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள், இழுத்துக் கட்டிய நாண். வைக்கோல் பிரிமணையில் உட்கார்ந்த மண்குடத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அண்ணாவி இரண்டு வீசுகோலால் நாணைத் தட்ட, மணிகள் சேர்ந்து குலுங்கின. குடக்காரர் ஒரு கையிலிருந்த பத்தையால் குடத்தின் வாயில் அடித்தார். மறுகை விரலிடுக்கில் ஒரு நாணயம், அது குடத்தின் வயிற்றில் தாளம் போட்டது. உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் சேர்ந்துகொண்டன.

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அண்ணாவி எடுத்த எடுப்பில் கதைக்குள் போகவில்லை. முதலில் காப்பு. பிறகு என்ன கதை பாடப் போகிறோம் என்று சொல்லும் வருபொருள். அடுத்து குருவடி வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம். அதன்பின்தான் கதை, கடைசியில் வாழி. காப்பியங்களின் பாயிரத்தை நடத்தும்போது அவையடக்கம் என்பதை ஒரு கலைச்சொல்லாக எழுதிப்போட்டு, 'கற்றோர் முன் தன்னைத் தாழ்த்திக் கூறுதல்' என்று மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். என் மாணவர்களோ ஐந்து வயதிலிருந்து ஆண்டுதோறும் அதை ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி அந்த அண்ணாவி சபையைக் கும்பிட்டபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் தானும் கும்பிட்டார். அவை அடக்கத்தை ஏற்றுக்கொள்வதும் ஒரு வழக்கம் என்பதை அங்கேதான் கண்டேன்.

இன்னொன்று, நேரக் கணக்கு. கதையில் சாமி வரம் வாங்கும் கட்டமும் பூசாரி படையலுக்குத் தீபம் காட்டும் நேரமும் சேர்ந்து வரவேண்டும். நள்ளிரவு நெருங்கும்போது விழாக் குழுக்காரர் ஒருவர் குனிந்து வந்து அண்ணாவியின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். படையல் இன்னும் ஆகவில்லை போலும். அண்ணாவி சிறிதும் பதறாமல் கதைமாந்தரை ஒரு தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். மரம், பூ, பறவை என்று பத்து நிமிடம் தோட்டத்தைப் பாடினார். அதற்குள் கோயிலில் மணி அடித்தது. இரண்டே வரியில் தோட்டத்திலிருந்து வெளியே வந்து வரத்துக்குப் போய்விட்டார். குடமும் உடுக்கையும் வேகம் கூட்டின. குலவைச் சத்தம் எழுந்தது. சாமியாடிகள் இறங்கினார்கள். வருணனை என்ற உறுப்பு இலக்கியத்தில் எதற்கு இருக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் இப்போது கூடுதலாக ஒரு பதில் இருக்கிறது.

கணியான் செட் பக்கம் போனபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. இரண்டு மகுடம். ஒன்றை உச்சம் என்றும் இன்னொன்றை மந்தம் என்றும் சொல்கிறார்கள். ஒன்று எடுத்துக் கொடுக்க மற்றது தாங்குகிறது. சற்றுத் தள்ளி வைக்கோல் தீ. அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மகுடத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தது என் மாணவன். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். எழுந்து தீக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். நான் கூப்பிடவில்லை. அவன் அப்பா சிவப்புச் சேலையில் ஆடிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தில், வகுப்பில் அன்று பின்னாலிருந்து குரல் கொடுத்த பையனும் இருந்தான்.

சாமக் கொடையில் கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கு முன்பே நான் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வகுப்பில் அதை யாரோ கேட்டபோது, "அவங்க நம்பிக்கை அது. அவங்க இல்லாத இடத்துல நாம அதைப் பேச வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். சரியாகச் செய்தேனா என்ற ஐயம் இன்னும் இருக்கிறது.

புதன்கிழமைக்கு வருகிறேன். 11 பேர். "நேத்து ராத்திரி என்ன பாத்தீங்க?" என்று கேட்டிருந்தால் சாமியாட்டம், வாணவேடிக்கை என்று நின்றிருக்கும். "என்னென்ன சத்தம் கேட்டீங்க?" என்று கேட்டேன். கரும்பலகை நிறையத் தொடங்கியது. தவில், பம்பை, உடுக்கை, குலவை, வேட்டு, ஜெனரேட்டர், சீவாளியை வாயில் வைத்துப் பார்க்கும் பீ சத்தம், காணாமல் போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பு, பலூன்காரர் ஊதல், வளையல் கடையில் பேரம். பட்டியல் நாற்பதைத் தாண்டியது. தூக்கக் கலக்கம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் முழு வகுப்பும் வந்தது. இசைக்கருவிகளை மட்டும் பிரித்தெடுத்துத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று வகைப்படுத்தச் சொன்னேன். பாட்டும் குலவையும் மிடறு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வில் வந்ததும் சண்டை தொடங்கியது. நாண் இருப்பதால் நரம்புக் கருவி என்றது ஒரு குழு. நாணிலிருந்து சத்தம் வரவில்லை, மணியிலிருந்துதான் வருகிறது, ஆகவே கஞ்சம் என்றது இன்னொன்று. ஒரு மாணவி எழுந்து, "குடம் எதுல டீச்சர்? தோல் இல்ல, துளை இல்ல, நரம்பு இல்ல, வெண்கலமும் இல்ல, மண்ணு" என்றாள். பழைய பகுப்பில் மண்குடத்துக்கு நேரான இடம் இல்லை. உங்கள் குழு அதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்றேன். 'மண் கருவி' என்று எழுதிக்கொண்டார்கள். எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடைக்காத விடை, ஆனால் நான் அடிக்கவில்லை.

மகுடத்தை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள் என்ற கேள்வியை அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பினேன். அவர் தம் பாடவேளையில் பாதியை இதற்குக் கொடுத்தார். தோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினால் தளர்கிறது, சுருதி இறங்குகிறது. காய்ச்சினால் ஈரம் போய் இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. உடுக்கையின் கயிற்றை இடுப்பில் அழுத்தும்போதும் இதே இழுவிசைதான், ஆனால் நொடிக்கு நொடி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் தீயின் வேலை ஏன் கூடுகிறது என்பதை மாணவர்களே சொன்னார்கள். கடைசி பெஞ்சில் இருந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

செயல்திட்டத்தை அமைப்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். 'நாட்டுப்புறக் கலைஞரைப் பேட்டி காண்க' என்று கொடுத்தால் 32 பேரும் ஒரே வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மறுபடியும் காட்சிப் பொருளாவான். ஆகவே, 'இந்தக் கொடையில் இசை கேட்க யார் யாருடைய வேலை தேவைப்பட்டது?' என்று கேள்வியை மாற்றினேன். பந்தல் போட்டவர், மைக் செட்காரர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர், கலைஞர்களுக்குச் சமைத்தவர், வரிக் கணக்கு எழுதியவர், தவில்காரர், வில் அண்ணாவி, மகுடக்காரர் என்று பதினைந்துக்கு மேல் வந்தது. குழுவுக்கு ஒருவர். கேள்விகளை வகுப்பிலேயே தயாரித்தோம். 'எப்படி', 'எதனால்', 'எப்போது பழகினீர்கள்', 'எங்கே தவறு வரும்' என்று தொடங்குபவை மட்டும் நிற்கும். 'நீங்கள் யார்' என்பதைச் சுற்றி வரும் எதையும் அடித்துவிட்டோம்.

வந்த அறிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மைக் செட் பற்றியது. எழுதியவள் ஓர் இஸ்லாமிய மாணவி, மைக் செட் அவளுடைய மாமாவுடையது. குடத்துக்கான மைக்கை எவ்வளவு தாழ வைக்கவேண்டும், ஒலிபெருக்கி முகத்துக்கு எதிரே மைக் வந்தால் ஏன் கீச்சிடுகிறது, உடுக்கையையும் பாட்டையும் ஒரே மைக்கில் வைத்தால் பாட்டு ஏன் அமுங்குகிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தாள். கொடை என்றாலே தனக்குத் தொடர்பில்லாதது என்று சென்ற ஆண்டுவரை ஒதுங்கி உட்கார்ந்தவள் அவள். சமையல்காரர் குழு, ஆடுபவர்களும் பாடுபவர்களும் நள்ளிரவுக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை என்று கண்டுபிடித்து வந்தது. வரிக் கணக்குக் குழு ஒன்றும் சரியாகச் செய்யவில்லை. கணக்கு நோட்டைக் காட்ட மறுத்துவிட்டார்களாம்.

மேளம் ஊர்வலம் போகும் பாதையை ஊர்ப் படத்தில் வரையச் சொல்லியிருந்தேன். எந்த இடத்தில் நின்று வாசிக்கிறார்கள், எங்கே வேகம் மாறுகிறது என்று குறிப்பதுதான் நோக்கம். வரைந்துகொண்டிருந்த ஒரு மாணவி தலை நிமிராமல் கேட்டாள்: "டீச்சர், எங்க தெருவுக்கு மேளம் வராது. தெருவை மட்டும் வரையவா, விட்டுறவா?" பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "வரிக்கும் வர மாட்டாங்க" என்று அவள் தோழி சேர்த்தாள். தெருவை வரை, கோடு எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்து என்றேன். அப்படியே வரைந்தாள். மற்ற குழுக்களின் படங்களைச் சுவரில் மாட்டினேன். இந்தப் படத்தைக் கோப்பில் வைத்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அந்த அறையில்தான் நடக்கும். நான் பயந்தேன் என்பதுதான் உண்மை. இரண்டு நாள் கழித்து அவள் வந்து, "எங்க படம் நல்லா இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று மாலையே மாட்டினேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கொடையில் அந்தக் கோடு நீளுமா என்பது என் கையில் இல்லை.

அந்த வாரத்தில்தான் முத்துப்பட்டன் கதையை வகுப்பில் சொன்னேன். வில்லில் பாடப்படும் கதைகளில் மிகவும் பெயர்பெற்றது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். அதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறக்கிறான். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குப் பட்டவராயன் என்ற பெயரில் சன்னிதி இருக்கிறது. அங்கே செருப்பைக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே போய்வந்த பிள்ளைகள் என் வகுப்பில் பலர். செருப்பு எதற்கு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கதையை முடித்தபோது, படம் வரைந்த மாணவி கேட்டாள்: "இந்தக் கதையை நம்ம ஊர்லயும் பாடுவாங்களா டீச்சர்?" பாடுவார்கள் என்றேன்.

இன்னொரு மாணவி, பெண்கள் வில் அடிக்கலாமா என்று கேட்டாள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சிறுமியாக இருந்தபோதே வில்லில் உட்கார்ந்தவர், முதுமை வரை பாடி 2018இல் மறைந்தவர் என்று சொன்னேன். சுப்பு ஆறுமுகம் ஐயாவின் பெயர் சிலருக்குத் தெரிந்திருந்தது. அவர் நம் மாவட்டத்தில் பிறந்தவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர் என்பது தெரிந்திருக்கவில்லை.

கலைஞர்களைப் பள்ளிக்கு அழைப்பது பற்றி. நம்மில் பலர் இதைச் செய்கிறோம், பெரும்பாலும் இலவசமாக. பிள்ளைகளுக்காகத்தானே, வந்துவிட்டுப் போங்கள் என்கிறோம். மேடைப் பேச்சாளருக்குக் காரும் சால்வையும் ஏற்பாடு செய்யும் நாம், மகுடக்காரரைப் பேருந்தில் வரச் சொல்கிறோம். எனக்கும் இது தோன்றியிருக்காது. "ஆடியில எங்களுக்கு ஒரு நாள் விடாம வேலை டீச்சர், அதுலதான் வருசம் ஓடணும்" என்று அவன் அப்பா சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆவணியில் நாள் குறித்தோம். ஆசிரியர்கள் எட்டுப் பேர் பணம் போட்டு, அவர்கள் கேட்ட தொகையை நிகழ்ச்சிக்கு முன்னாலேயே கொடுத்தோம். மதியம் சாப்பாடு ஆசிரியர் அறையில், எங்களோடு.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. அழைக்கப் போனபோது அப்பா, "அவன்கிட்ட கேளுங்க" என்றார். மறுநாள் குடிநீர்க் குழாய்ப் பக்கம் அவன் தனியாக நின்றபோது கேட்டேன். பேசாமல் தண்ணீர் பிடித்தான். பாட்டில் நிரம்பிய பிறகு, "சாதியப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்கள்ல?" என்றான். கேள்வித்தாள் அவனுக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் கேட்க மாட்டார்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்து சொன்னான்: "வரச் சொல்லுங்க டீச்சர். ஆனா நான் வகுப்புக்குள்ள உக்கார மாட்டேன். வெளிய தீ போடுதேன்."

அப்படியே நடந்தது. வேப்பமரத்தடியில் மாணவர்கள் அரைவட்டமாக உட்கார, கலைஞர்களுக்கு நாற்காலி. பத்தடி தள்ளி வைக்கோலும் அவனும். அண்ணாவி மகுடத்தைக் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டையைப் பற்றியும் தோலைப் பற்றியும் கேட்டார்கள். பிறகு, அன்று வகுப்பில் குரல் கொடுத்த அதே பையன் எழுந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாளைப் பார்த்து, "பெண் வேடத்துக்கு ஆடுறத எப்போ, எப்படிப் பழகினீங்க?" என்று வாசித்தான்.

அவன் அப்பா வேட்டி சட்டையில் வந்திருந்தார். "சேலை கட்டுனா மட்டும் ஆயிருமா தம்பி? நடை வரணும்ல. எங்க அம்மா ஆத்துல இருந்து குடம் தூக்கிட்டு வருவா. பின்னாலயே நடந்து போயி பழகுனேன். இடுப்புல தண்ணிக்குடம் இருக்குன்னா எந்தக் கால் முன்ன வரும், சொல்லு பாப்போம்?" என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நான்கு பையன்களை இடுப்பில் வைத்து நடக்க வைத்தார். குடம் சாய்ந்து சட்டை நனைந்தது. மாணவிகள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. பிறகு அவர் வெறும் கையோடு, வேட்டியில், ஐந்தடி நடந்து காட்டினார். இடுப்பில் குடம் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. "ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் நாலு வரைக்கும் கால் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து மகுடம் அடித்துக் காட்டினார்கள். பாதியில் உச்ச மகுடத்தின் சுருதி இறங்கிவிட்டது. எனக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது. மகுடக்காரர் திரும்பிப் பார்க்காமலேயே மகுடத்தைப் பின்பக்கம் நீட்டினார். அவன் வந்து வாங்கிப் போனான். தீமேல் சுழற்றினான், விரலால் சுண்டிக் காதில் வைத்துப் பார்த்தான், மறுபடி காட்டினான், மறுபடி சுண்டினான். வகுப்பு முழுவதும் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொண்டுவந்து கொடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல் தீக்கே போய்விட்டான். மகுடக்காரர் ஓர் அடி அடித்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த ஆண்டும் கலைத் திருவிழாவுக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து மூன்றாம் பெஞ்சுக்குத் திரும்பவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் அவன் கொடுத்த விடுப்புக் கடிதங்கள் ஐந்தும் காய்ச்சல் என்றே சொல்லும். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை வந்து நீட்டிய கடிதத்தில், பக்கத்து ஊரில் தங்கள் செட்டுக்குக் கொடை இருப்பதால் செவ்வாய்க்கிழமை ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று எழுதியிருந்தது. பத்தாம் வகுப்புப் பையன் இரவெல்லாம் விழித்திருப்பதை நான் ஏற்கிறேனா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது உறுத்தல்தான். தேர்வு இருக்கும் வாரங்களில் கூட்டிப்போவதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார், அதை இதுவரை மீறவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். விட்டுப்போகும் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை இரண்டாம் பாடவேளைக்கு வந்தான். சட்டையில் வைக்கோல் புகை வாசம். கணக்கு ஆசிரியர் அவனை உட்காரச் சொன்னதாகவும், பத்து நிமிடத்தில் அவன் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டதாகவும், எழுப்பவில்லை என்றும் மதியம் என்னிடம் சொன்னார்.